பவதாரிணியின் காகம்

இன்னும் எத்தனை பிள்ளைகள் பாக்கி என்று கழுத்தை நீட்டிப் பார்த்தால் முன் நாற்காலியில் இருக்கிற யாரோ ஒரு அம்மாவின் மல்லிகைப்பூதான் கண்ணை மறைக்கிறது. மே மாதக் கடைசி, பிள்ளைகளின் கோடிங் கேம்ப்புக்கும் கடைசி நாள். தில்லைநகரில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி ஹால். ஏசி ஓடத்தான் ஓடுகிறது, இத்தனை அப்பா அம்மாக்களின் மூச்சுக்கு அது மட்டும் என்ன செய்யும். மேடைக்குப் பின்னால் ‘நாளைய உலகம் உங்கள் குழந்தையின் விரல் நுனியில்’ என்று பேனர், அதில் ஒரு பையன் லேப்டாப்பைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். இத்தனை வருஷமாக சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டுகிறேன், லேப்டாப்பைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற ஒரு ஆளை நான் கண்டதில்லை. டெஸ்டிங் வேலை எனக்கு. அடுத்தவர்கள் எழுதுகிற புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். அதே வேலையாக இருந்து இருந்து, எங்கே போனாலும் முதலில் தப்புதான் கண்ணில் படுகிறது. இந்த ஹாலில் ஒரு ஃபேன் ஆடுகிறது, அவசரத்துக்கு வெளியே போக ஒரே ஒரு படிக்கட்டுதான், மைக் ஒயர் நடைபாதைக்குக் குறுக்கே கிடக்கிறது, யாராவது தடுக்கி விழப்போகிறார்கள். பவியும் அந்த ஒயரைத் தாண்டித்தான் மேடைக்கு ஏறவேண்டும். அவள் பார்த்துப் போவாள், எப்போதும் தரையைப் பார்த்தே நடக்கிறவள். அதோ, மேடைக்கு இடதுபக்கம் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிற பெஞ்சின் கடைசியில், மடியில் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பச்சை சுடிதார், பதினொரு வயது, என் மகள் பவதாரிணி. உதடு அசைகிறதா? அசைகிறது. சொல்லிப் பார்க்கிறாள். வேண்டாம்டா, சொல்லிப் பார்க்காதே, சொல்லிப் பார்த்தால் இன்னும் சிக்கும். பவிக்குத் திக்கும். நான்கு வயதில் தொடங்கியது, தானாகச் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை.

“நீங்க யார் அப்பா சார்?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார். இந்த ஹாலில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. நான் பவதாரிணி அப்பா, இவர் விஸ்வஜித் அப்பா, உறையூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறாராம். “நமக்கு இந்தக் கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர்லாம் ஒரு மண்ணும் தெரியாது சார். ஆனா இப்ப இது இல்லாட்டி பிள்ளைங்க பின்தங்கிரும்னு சொல்றாங்கல்ல. நீங்க ஐடியில இருக்கீங்க, நீங்களே கொண்டாந்து சேத்திருக்கீங்கன்னா அப்ப சரியாத்தான் இருக்கும்.” நான் தலையை ஆட்டிவைக்கிறேன். எங்கள் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மெஷினே எடுத்துக்கொண்டிருக்கிறது, எழுதுகிறவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை மீட்டிங்குக்கு வருகிறார்கள், இந்தப் பிள்ளைகள் வளர்ந்து வருவதற்குள் அந்த வேலை எந்த உருவத்தில் இருக்கும் என்று இந்த பேனரை எழுதியவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது என்று சொல்லலாமா? சொன்னால், பின்னே நீங்கள் எதற்குச் சேர்த்தீர்கள் என்று கேட்பார். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதை ஹேமாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஹேமா என்றால் ஹேமலதா, என் மனைவி, கூட்டுறவு வங்கியில் இருக்கிறாள், இன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. சம்மர் கேம்ப் என்று நோட்டீஸ் வந்தபோது, “பிள்ளை நீச்சல் கத்துக்கணும்னு சொல்லிட்டிருக்கா, அதுல போடுங்களேன்” என்றுதான் சொன்னாள். பவிக்கு நீச்சல் என்றால் உயிர். தண்ணீருக்குள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதாலோ என்னவோ. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கோடிங் என்றால் எதிர்காலம், மூளை வளரும், லாஜிக் வரும் என்று அந்த நோட்டீஸில் இருந்ததையே ஒப்பித்தேன். உள்ளுக்குள் நினைத்தது வேறு. வாயைத் திறக்காமலே பிழைத்துக்கொள்கிற ஒரு வேலை இவளுக்கு வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மூலையில், ஒரு திரைக்கு முன்னால், கீபோர்டைத் தட்டிக்கொண்டு, யாரும் பேர் கேட்காமல், யாரும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்காமல். இப்படி ஒரு அப்பன் நினைக்கலாமா? நினைத்தேன். பாட வரும் என்று தெரியும், கதை கட்டுவாள் என்று தெரியும், இருந்தும் அவள் வாயை நானே மூடி, அதற்கு எதிர்காலம் என்று பேர் வைத்தேன். அதிலும் என்ன வேடிக்கை, நானே நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண்டுபிடித்த தப்பை விளக்கி வாய் ஓயாமல் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். பேசாத வேலை ஒன்று இந்தத் தொழிலில் எங்கேயும் இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன், பயத்துக்கு எதை வேண்டுமானாலும் நம்பத் தெரியும்.

கைதட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். யாரோ ஒரு பொடியன் திரையில் பலூன்களைச் சுட்டுத் தள்ளினான். முதல் நாளே இவர்கள் சொல்லியிருந்தால் நான் சேர்த்திருக்கமாட்டேன். கடைசி நாள் பெற்றோர் முன்னால் மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, என் பேர் இது, நான் செய்தது இது என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லவேண்டுமாம். போன வாரம்தான் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நான் உடனே கேம்ப்பில் சொல்லித்தருகிற ரெபெக்கா மிஸ்ஸுக்குப் போன் போட்டு, பவிக்கு மட்டும் பேச்சு வேண்டாம், நானே பக்கத்தில் நின்று விளக்கிவிடுகிறேன் என்று சொல்லப் போனேன், பவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கிவிட்டு, “நா... நா... நான் பே...” என்றாள். நான், “நான் பேசிக்கிறேன்னு சொல்றியா?” என்றேன். தலையை ஆட்டினாள், ஆனால் முகம் சுண்டிப்போனது. அதுதான் என் வியாதி. அவளுக்குத் திக்குவது வியாதி என்றால் எனக்கு முடித்துவைப்பது வியாதி. ஐஸ்கிரீம் கடையில் அவள் “பி... பி...” என்பதற்குள் பிஸ்தா என்று நான் சொல்லி, அது கைக்கு வந்து, அவள் பேசாமல் சாப்பிட்டு முடித்த பிறகு ஹேமா சொன்னாள், “அவளுக்குப் பிஸ்தா பிடிக்காதுங்க, பிளாக் கரன்ட் கேட்டா.” எத்தனை பிஸ்தா சாப்பிட்டிருக்கிறாளோ என் மகள். ஸ்பீச் தெரபி டாக்டரம்மா நேரடியாகவே சொன்னார், “குழந்தைக்கு நான் சொல்லித்தர வேண்டியதைவிட உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய இருக்கு சார். அவ பேசும்போது நீங்க சும்மா இருங்க. அவ முகத்தைப் பாருங்க. முடிக்கட்டும்.” சும்மா இருப்பது அவ்வளவு லேசா? அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? அவள் உதடு ஒட்டிக்கொள்ளும், கண் ஒரு பக்கமாக இழுக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரே நிற்கிறவர் முகத்தில் முதலில் குழப்பம் வரும், பிறகு பரிதாபம் வரும், அந்தப் பரிதாபம் வருவதற்குள் நான் அந்த வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிடவேண்டும். அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போதாதற்குப் பேர் வேறு. பவதாரிணி. ‘ப’வில்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக அடைக்கும், அது தெரியாத நாளில் நான் ஆசையாக வைத்த பேர். ‘அ’வில் வைத்திருந்தால் கொஞ்சம் சுலபமாக வந்திருக்குமோ. இன்றைக்கு மைக்கில் அந்தப் பேரைத்தான் முதலில் சொல்லவேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஹேமா வாசல்வரை போய்த் திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள், “அங்க போய் நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும். அவசரக் குடுக்கை மாதிரி எதையும் பண்ணிவைக்காதீங்க.” வாயைத் திறக்கவில்லை நான். கையைத்தான் வைத்தேன்.

கையை வைத்தது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பவி குளிக்கப் போயிருந்தாள், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்தபடி இருந்தது, அவள் செய்ததை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். மேடையில் போய் மாட்டிக்கொண்டால் அவளால் சமாளித்துப் பேச முடியாதே, தப்பு இருந்தால் இப்போதே பார்த்துவிடுவது நல்லதில்லையா. பிள்ளைகளுக்கானதுதான், வண்ண வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் அது புரோகிராம். பவி அதைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள். ஒரு மதில், அதன்மேல் ஒரு காகம், கீழே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். காகத்தை அவளே வரைந்திருந்தாள், கொஞ்சம் குண்டாக, ஒரு கால் குட்டையாக. காகம் கேட்டது, ‘உன் பேர் என்ன?’ அவ்வளவுதான், நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்தேன். உள்ளே திறந்து பார்த்தால் ஆரஞ்சு நிறக் கட்டத்தில் ‘20 வினாடி காத்திரு’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே அந்தப் பெண் ‘ப’ என்கிறாள், மறுபடி ‘10 வினாடி காத்திரு’, ‘பவ’ என்கிறாள், மறுபடி காத்திரு. எல்லா இடத்திலும் காத்திரு. இரண்டைப் போடுவதற்குப் பதில் இருபதைப் போட்டிருக்கிறாள், கை தவறி ஒரு சுழி கூட விழுந்திருக்கிறது, பேரும் பாதி பாதியாக டைப் ஆகிக் கிடக்கிறது என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் இப்படி நின்றால் என்ன ஆவது. மளமளவென்று அத்தனை காத்திருப்பையும் எடுத்துப் போட்டேன். பாதிப் பேரையெல்லாம் அழித்தேன். ஓட்டிப் பார்த்தேன். ‘உன் பேர் என்ன?’ ‘பவதாரிணி.’ ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ ‘நீச்சல்.’ டக் டக்கென்று வெண்ணெயாக ஓடியது. எனக்கு அத்தனை திருப்தி. பாத்ரூம் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் மூடி வைத்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை? சொன்னால் வேண்டாம் என்பாள், ஏன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்குவாள், அவள் சொல்லி முடிப்பதற்குள் நேரமாகிவிடும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். மேடையில் பார்க்கட்டும், அப்பா சரிசெய்தது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டிச் சாவியைத் தேடப் போய்விட்டேன்.

இப்போது மேடையில் விஸ்வஜித். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார், போனை இரண்டு கையாலும் பிடித்து வீடியோ எடுக்கிறார். பையன் மைக்கில் கடகடவென்று இங்கிலீஷில் பொழிகிறான், ராக்கெட், கிரகங்கள், ஸ்கோர், லைஃப். பொத்தானை அழுத்துகிறான். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரெபெக்கா மிஸ், சின்ன வயது, புடவை கட்டிப் பழகாதவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வருகிறார். “லோட் ஆகுது பேரன்ட்ஸ், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க.” பண்ணுகிறோம். மொத்த ஹாலும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அமைதியாக. யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் பரிதாபப்படவில்லை, யாரும் இடையில் புகுந்து எதையும் முடித்துவைக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற பெயின்ட் கடைக்காரர்கூட வீடியோவை நிறுத்தாமல், “வந்துரும் சார், பெரிய ஃபைலு” என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். ஒரு மெஷினுக்கு இத்தனை பொறுமை இருக்கிறது நமக்கு. லிஃப்டுக்கு நிற்கிறோம், ஓடிபி வருவதற்குப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், சிக்னலில் நிற்கிறோம். என் மகள் ஒரு வார்த்தை சொல்வதற்கு மட்டும் நான் நின்றதில்லை. காத்திரு. ஆரஞ்சு நிறக் கட்டம். 20 வினாடி காத்திரு. ‘ப’, காத்திரு, ‘பவ’, காத்திரு. அந்தக் காகம். ஹேங் ஆகிவிட்டது என்று நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்தக் காகம் சும்மா இருக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்தது. ஒருதரம் இந்தப் பக்கம், கொஞ்சம் கழித்து அந்தப் பக்கம், இடையில் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது. பார்த்தேனே. நான் அதைப் பார்த்தேனே. ஹேங் ஆன திரையில் எதுவும் கண் சிமிட்டாது, இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பழகுகிற புதுப் பையனுக்குக்கூடத் தெரியும். அவள் கை தவறவில்லை. ஒரு காத்திரு இல்லை, அத்தனை காத்திருவையும் அவள்தான் ஒவ்வொன்றாக இழுத்து வைத்திருக்கிறாள். கீழே நிற்கிற இரட்டைச் சடைப் பெண் அவள்தான். அவள் பேரைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் பறந்து போகாமல், இடையில் பேசாமல், தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு காகத்தை அவளே செய்திருக்கிறாள். வீட்டில் அப்படி ஒருத்தர் கிடைக்காததால் செய்திருக்கிறாள். நான் அதில் தப்புக் கண்டுபிடித்து, காலை டிபனுக்கு முன்னால், சரிசெய்துவிட்டேன்.

எழுந்துவிட்டேன். “பாத்ரூம் கீழ இருக்கு சார்” என்கிறார் பெயின்ட் கடைக்காரர். இல்லை என்று கையைக் காட்டிவிட்டு முழங்கால்களுக்கும் கைப்பைகளுக்கும் நடுவே புகுந்து போகிறேன். சொல்லிவிடவேண்டும். மேடை ஏறுவதற்கு முன்னால் காதில் சொல்லிவிட்டால் அவளே திரும்ப வைத்துக்கொள்வாள், அல்லது வரிசையை மாற்றி இவளைக் கடைசியில் விடச் சொல்லலாம், அல்லது நானே. இல்லை, நானே இல்லை. பவி என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் முகம் மாறியதே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க. கண் பெரிதாகி, லேப்டாப்பை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டு, தலையை ஆட்டுகிறாள். வேண்டாம். வராதீங்க. நான் அவளுக்குப் பதிலாகப் பேச வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். இவ்வளவு நாளும் அதற்குத்தானே எழுந்து வந்திருக்கிறேன், வேறு எதற்கு என்று அவள் நினைக்கமுடியும். ரெபெக்கா மிஸ் குறுக்கே வந்து, “பவதாரிணி அப்பா, அடுத்தது உங்க பொண்ணுதான். ப்ளீஸ், சீட்ல உக்காருங்க சார்” என்கிறார். “மேடம், ஒரு நிமிஷம், அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு...” “அவ பாத்துக்குவா சார். நல்லாப் பண்ணிருக்கா.” மிஸ்ஸின் தோளுக்கு மேலே பவி இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது. இன்னும் ஒரு அடி வைத்தால் அழுதுவிடுவாள். இத்தனை பேர் முன்னால் அழவிடுவதா, இல்லை உள்ளே இருப்பது தெரியாமல் மேடை ஏற விடுவதா. திரும்பினேன். திரும்பி வரும்போது அந்த மைக் ஒயரில் நான்தான் தடுக்கினேன், யாரோ ஒரு அம்மா முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

விஸ்வஜித்தின் ராக்கெட் ஒருவழியாகப் பறந்து முடிகிறது. “அடுத்து, பவதாரிணி.” மிஸ் பேரைச் சொல்லிவிட்டார், அப்பாடா, ‘ப’ ஒழிந்தது, என்று ஒரு புத்தி நினைக்கிறது, அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். ஒயரைப் பார்த்துத் தாண்டி ஏறிவிட்டாள். மேடையில் இன்னும் சின்னதாகத் தெரிகிறாள். லேப்டாப்பை மாட்டியதும் பெரிய திரையில் மதில் வந்தது, காகம் வந்தது, குட்டைக் காலோடு. முன்வரிசையில் ஒரு குழந்தை, “காக்கா!” என்றது. பவி மைக்கைத் தொடவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவள் இப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. ‘உன் பேர் என்ன?’ ‘பவதாரிணி.’ ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ ‘நீச்சல்.’ ‘நாளைக்கும் வருவாயா?’ ‘வருவேன்.’ முடிந்துவிட்டது. நான்கைந்து பேர் கைதட்டினார்கள், இவ்வளவுதானா என்கிற கைதட்டல். பவியின் கை தானாகக் கீழே இறங்கியது. திரையையே பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, இத்தனை தலைகளுக்கு நடுவில், நேராக என்னைப் பார்த்தாள். தேடக்கூட இல்லை.

“என்ன சார் ஆச்சு, பாப்பாவுக்கு மறந்துருச்சா?” என்று காதருகே கிசுகிசுக்கிறார் பெயின்ட் கடைக்காரர். நான் வாயைத் திறந்துவிட்டேன், அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை, நான்தான், என்று எழுந்து நின்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கு முடியும்? எனக்கு முடியும். அவள் அங்கேயே நிற்பாள். வாயை மூடிக்கொண்டேன், மூடப் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது. பவி லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள். பெரிய திரையில் கட்டங்கள் எல்லாம் திறந்தன, அவள் உள்ளே போய்ப் பார்ப்பதை ஹால் முழுக்கப் பார்க்கிறது. மிஸ் குனிந்து, “பரவால்லடா, நல்லாத்தான் இருந்துச்சு, வந்துரு” என்றார். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆரஞ்சு நிறக் கட்டம் ஒன்றை இழுத்துக் கொண்டுவந்து ‘உன் பேர் என்ன?’வுக்குக் கீழே ஒட்டினாள். அதில் இருபது என்று தட்டினாள். அடுத்தது. அடுத்தது. ‘ப’ என்று தட்டினாள். ‘பவ’. முன்னால் நாற்காலிகள் நகர்கின்றன, யாரோ கொட்டாவி விடுகிறார்கள், யாரோ மணி பார்க்கிறார்கள், ஒரு அம்மா எழுந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போயே விட்டார். அவள் அவசரப்படவில்லை. காலையில் மளமளவென்று நான் எடுத்த ஒவ்வொன்றையும் மெதுவாக அதனதன் இடத்தில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து, மறுபடியும் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். காகம் கேட்டது, ‘உன் பேர் என்ன?’ ஒன்றும் நடக்கவில்லை. “ஹேங் ஆயிருச்சு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மிஸ்ஸின் கை மவுஸை நோக்கிப் போனது, பவி ஓடிப் போய் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். காகம் தலையை இந்தப் பக்கம் சாய்த்தது. ஹால் அடங்குகிறது. காகம் கண்ணை மூடித் திறந்தது. இருபது வினாடி இவ்வளவு நீளமா? இதைத்தானே தினமும் கடைகளில், பள்ளியில், என் முன்னால், அவள் ஒருத்தியாக நடந்து கடக்கிறாள். ‘ப’ என்றாள் திரைப்பெண். காகம் அந்தப் பக்கம் சாய்த்தது. ‘பவ.’ முன்வரிசைக் குழந்தை, “சொல்லு, சொல்லு” என்கிறது, அதன் அம்மா அதன் வாயைப் பொத்துகிறார். ‘பவதாரிணி.’ அதற்குப் பிறகுதான் காகம் அடுத்த கேள்வியைக் கேட்டது. அதற்கும் காத்திருந்தது. கடைசிவரைக்கும் அது மதிலைவிட்டு நகரவில்லை. முடிந்ததும் மிஸ் மைக்கை நீட்டி, “இதுல என்ன பண்ணிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா” என்றார். பவி மைக்கை வாங்கினாள். “கா...” என்றாள். மைக்கில் அந்தக் ‘கா’ ஹால் முழுக்க நின்றது. கழுத்து நரம்பு, கண் ஒரு பக்கமாக, எல்லாம் வந்தது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஹால் அசையவில்லை, அந்தக் காகம் சற்று முன்னால் எங்கள் எல்லோரையும் பழக்கி வைத்திருந்தது. “கா... காக்கா ப... ப... பறந்து போகாது” என்றாள். “அ... அவ்ளோதான்.” பக்கத்தில் பெயின்ட் கடைக்காரர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கை வரவில்லை.

கீழே கண்ணாடிக் கடை வாசலில் வெயில் கொளுத்துகிறது, என் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யார் யாரோ நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வண்டியை இழுத்து வெளியே எடுத்தேன். கழுத்தில் பங்கேற்புப் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு பவி நிற்கிறாள், சின்ன ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டாமல். இப்போது, “அப்பா” என்றாள். பிறகு, “நீ...” என்றாள். நின்றுவிட்டது. எனக்குத் தெரியும். நீங்கதானே எடுத்தீங்க, நீங்க ஏன் தொட்டீங்க, நீங்க எப்பவும் இப்படித்தான். எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான், நாக்கில் தயாராக நிற்கிறது. ஆமாடா, நான்தான், அப்பா மேலதான் தப்பு, மன்னிச்சுக்கோ என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவளுக்கு இந்தக் கஷ்டம் இருக்காது. முந்திக்கொண்டு. மன்னிப்புக் கேட்பதில்கூட முந்திக்கொண்டு. அதுவும் அவள் வாக்கியத்தைப் பிடுங்குவதுதான். “நீ... நீ...” உதடு நடுங்குகிறது. பின்னால் கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார், வண்டியை எடுக்கவேண்டுமாம். அடிக்கட்டும். சாவி கையில் சுடுகிறது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம், இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. “நீங்கதானே எ... எடுத்தீங்க?” என்றாள். முழுசாக, கடைசிவரைக்கும் அவளே. “ஆமாடா” என்றேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. அவள் என்னையே பார்த்தாள். கோபம் இருந்தது, இருக்கட்டும். ஹாரன் மறுபடியும். ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளப் போனவள் நிறுத்திவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். “ப...” என்றாள். அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை, இந்தத் தடவை நான் யூகிக்கவும் இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நின்றேன்.